அம்சம் பிறந்தது எந்தப் புயலில்?

நல்லாம்பூர் தெற்குத் தெருவில் யாருக்காவது கடிதம் எழுத வேண்டுமென்றால் வேம்புவைத்தான் கூப்பிடுவார்கள். அவளுக்குப் பதினொரு வயது. ஆறாம் வகுப்புப் படித்தாள். தெருவில் முப்பத்திரண்டு வீடுகள் இருந்தன. பேனா இருந்தது ஒரே ஒரு வீட்டில்தான். அந்தப் பேனாவும் மசி ஒழுகும்.

பேனா ஒழுகினால் என்ன, கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். “எங்க வேம்பு எழுதினா அச்சடிச்ச மாதிரியே இருக்கும்” என்று பக்கத்து வீட்டு ரெத்தினம் அத்தை ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். இதைக் கேட்டுக் கேட்டு வேம்புவுக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறிவிட்டது. எழுதத் தெரிந்துவிட்டால் எல்லாமே தெரிந்த மாதிரிதான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அந்த நினைப்பு அவளை என்ன பாடு படுத்தியது என்பதுதான் இந்தக் கதை.

வேம்புவுக்கு ஓர் அக்கா. பெயர் அம்சம். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு அம்மாவோடு வயல் வேலைக்குப் போனவள். ஆனால் அம்சத்துக்குக் கைராசி உண்டு. தெருவில் ஆடு குட்டி போடத் திணறினால் அம்சத்தைக் கூப்பிடுவார்கள். எந்த வீட்டிலாவது பிள்ளை பிறக்கப் போகிறது என்றால், வெந்நீர் வைக்க முதலில் ஓடுகிறவளும் அவள்தான்.

இதையெல்லாம் ஊசி போட வரும் ஹலீமா நர்ஸம்மா கவனித்துக்கொண்டே இருந்தார். 1971-ஆம் வருஷம் கார்த்திகை மாதம் ஒருநாள், அம்சத்திடம் ஒரு விண்ணப்பத் தாளை நீட்டினார்.

“தஞ்சாவூர்ல ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில பொண்ணுங்களுக்கு வேலை கத்துக்கொடுக்கறாங்க. எழுதப் படிக்கத் தெரிஞ்சா போதும். ஒரு வருஷம் பயிற்சி, அப்புறம் அங்கேயே வேலை. எழுதிப் போடு அம்சம். உனக்கு நிச்சயம் கிடைக்கும்.”

அம்சம் அந்தத் தாளை ஈரக் கை படாமல் முந்தானையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

“வேம்பு, நீயே எழுதிக் குடுடி. என் கையெழுத்து கோழி கிண்டுன மாதிரி இருக்கும்.”

வேம்பு சட்டமாக உட்கார்ந்து பேனாவைத் திறந்தாள். பெயர் என்று கேட்டிருந்த இடத்தில் அம்சம் என்று எழுதினாள். தகப்பனார் பெயர் காத்தான். ஊர் நல்லாம்பூர். சரசரவென்று போயிற்று. அடுத்ததாகப் பிறந்த தேதி கேட்டிருந்தது.

“அது எனக்குத் தெரியாதே. அம்மா களையெடுத்துட்டு வரட்டும், கேட்டு எழுதுவோம்” என்றாள் அம்சம்.

“அம்மாவுக்கு என்ன தெரியும்? நீ புயல்ல பொறந்தவதானே? புயல் எப்பன்னு எனக்குத் தெரியாதா?”

அவளுக்குத் தெரிந்ததற்குக் காரணம் இருந்தது. ஆற்று மதகின் சுவரில் ஒரு சிவப்புக் கோடு உண்டு. பக்கத்திலேயே 1-12-55 என்று எழுதியிருக்கும். அந்தப் புயலில் வெள்ளம் அதுவரைக்கும் ஏறியதாம். குளிக்கப் போகும் பிள்ளைகள் எல்லாரும் அந்தக் கோட்டைத் தொடக் குதித்துப் பார்ப்பார்கள். ஆகவே நல்லாம்பூர்ப் பிள்ளைகளுக்குப் புயல் என்றாலே ஐம்பத்தைந்துதான்.

வேம்பு 1-12-1955 என்று எழுதினாள். தாளின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் ஏதேதோ அச்சிட்டிருந்தது. சின்ன எழுத்து என்றால் சின்ன விஷயமாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டாள். மறுநாளே விண்ணப்பம் தபாலில் போயிற்று.

தை மாதம் பிறந்தது. சம்பா கதிர் முற்றித் தலைசாய்ந்து நின்றது. ஆனால் தெற்குத் தெருக்காரர்கள் ஒருவரும் அரிவாள் எடுக்கவில்லை. கூலி நெல்லைக் கூட்டித் தந்தால்தான் அறுப்போம் என்றார்கள் அவர்கள். முடியாது என்றார்கள் நிலக்காரர்கள். இது போதாதென்று, குடிசை போட்டிருக்கும் மனை அதில் குடியிருப்பவர்களுக்கே சொந்தம் என்று சர்க்கார் புதுச் சட்டம் கொண்டுவந்திருந்தது. அதிலும் நிலக்காரர்களுக்கு ஏகக் கோபம். ஊர் இரண்டாகப் பிரிந்து ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் தபால் வந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்த வேம்புவிடம், “உங்க அக்காவுக்கும்மா” என்று தபால்காரர் ஓர் உறையைக் கொடுத்துவிட்டுப் போனார். வேம்பு வழியிலேயே பிரித்தாள்.

‘விண்ணப்பதாரருக்குப் பதினெட்டு வயது நிறையவில்லை. ஆகவே விண்ணப்பம் ஏற்கப்படவில்லை. வயது தவறாகக் குறிக்கப்பட்டிருந்தால், பிப்ரவரி 4-ஆம் தேதிக்குள் உரிய சான்றுடன் நேரில் வரவும்.’

வேம்பு விரல்விட்டுக் கணக்குப் போட்டாள். ஐம்பத்தைந்தில் பிறந்தவளுக்கு இப்போது பதினாறு. ஆனால் அக்காவுக்குப் பதினாறுதானா? அக்காவோடு விளையாடிய பெண்களுக்கெல்லாம் கல்யாணமாகி இடுப்பில் பிள்ளை இருக்கிறதே! அவளுக்குக் காது மடல் சுட்டது.

கடிதத்தை மடித்து, பூகோளப் புத்தகத்துக்குள் வைத்து, புத்தகத்தைப் பையின் அடியில் தள்ளினாள்.

“இன்னிக்குத் தபால் வந்துச்சா வேம்பு?” என்று சாயங்காலம் அம்சம் கேட்டாள்.

“வரல.”

மறுநாளும் அம்சம் கேட்டாள். மறுநாளும் வேம்பு “வரல” என்றாள். இரண்டாவது தடவை சொன்னபோது அக்காவின் முகத்தைப் பார்க்க முடியாமல், கூரையில் ஏதோ இருப்பது போல அண்ணாந்து பார்த்துக்கொண்டு சொன்னாள்.

அம்சமோ இருந்த ஒரே நல்ல புடவையைத் துவைத்து, மடித்து, பாய்க்கு அடியில் வைத்துப் படுத்துக்கொண்டாள். அதுதான் அந்த வீட்டில் இஸ்திரி. கொல்லையில் கட்டியிருந்த ஆட்டுக்கு முன்னால் நின்று, “வணக்கம் டாக்டரம்மா. என் பேரு அம்சம். நல்லாம்பூர்லேர்ந்து வர்றேன்” என்று சொல்லிப் பழகினாள். ஆடும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டது.

வேறு நாளாக இருந்தால் வேம்பு சிரித்து உருண்டிருப்பாள். இப்போது அழுகைதான் வந்தது. அதற்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை. ஓடிப்போய்ப் பையைக் கவிழ்த்து, கடிதத்தை எடுத்து அக்கா கையில் கொடுத்தாள்.

“ரெண்டு நாளா எங்கிட்டதான்க்கா இருக்கு. நான்தான் தப்பா எழுதிட்டேன். நான்தான் ஒளிச்சு வச்சேன்.”

அம்சம் எழுத்துக்கூட்டி வாசித்தாள். திட்டவில்லை, அடிக்கவில்லை. கடிதத்தை நான்காக மடித்துக் கீழே வைத்துவிட்டு, பாத்திரங்களை எடுத்துக்கொண்டு குளத்துக்குப் போய்விட்டாள். அன்று காலையில்தான் அந்தப் பாத்திரங்களைத் துலக்கியிருந்தாள்.

இரண்டு அறை கொடுத்திருந்தால்கூட வேம்புவுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அம்மா தங்கம்மாள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். விஷயம் முழுவதையும் கேட்டாள்.

“ஏன்டி, என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? பெத்தவ நான் இங்கதானே இருக்கேன்?”

“புயல்ல பொறந்தவன்னு நீதானேம்மா சொல்லுவ?”

“சொன்னேன். எந்தப் புயல்னு நீ கேட்டியா?”

வேம்பு விழித்தாள். “எத்தனை புயல் வந்துச்சு?”

“ரெண்டு. ரெண்டும் கார்த்திகை மாசம்தான். மொதப் புயல்ல கூரை போச்சு. அடுத்த புயல்ல மாடு போச்சு. கூரை போன அன்னிக்கு அம்சம் எட்டு நாள் புள்ள. நெஞ்சோட கட்டிக்கிட்டு நான் பள்ளிக்கூடத்துக்கு ஓடுனேன். மாடு போன அன்னிக்கு அவளே என் கையைப் புடிச்சுக்கிட்டு ஓடியாந்தா.”

ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டு அம்மா மறுபடியும் முறத்தை எடுத்துக்கொண்டாள். அவ்வளவுதான். ஒரு வெற்றிலை போடும் நேரம்கூட ஆகவில்லை. அன்றைக்கு அம்மா வரும்வரை காத்திருந்து கேட்டிருந்தால், அன்றைக்கே இது தெரிந்திருக்கும். அம்மாவுக்கு என்ன தெரியும் என்று தான் சொன்னது வேம்புவின் நினைவுக்கு வந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. வாசற்படியில் முழங்காலில் முகத்தைப் புதைத்து உட்கார்ந்துகொண்டாள்.

ஆனால் உட்கார்ந்துகொண்டே இருந்தால் பிப்ரவரி நாலாம் தேதி வந்துவிடும். அதற்கு ஒன்பது நாள்தான் இருந்தது.

வேம்பு எழுந்தாள். பழைய நோட்டில் எழுதாமல் மிஞ்சிய தாள்களைக் கிழித்துத் தைத்தாள். முதல் தாளில், ‘அம்மா சொன்னது: முதல் புயல். அக்கா எட்டு நாள் குழந்தை’ என்று எழுதினாள். எழுதியதை அம்மாவிடம் படித்தும் காட்டினாள்.

“இதைத்தானே சொன்ன?”

“இதைத்தான் சொன்னேன்” என்றாள் அம்மா. கோபம் பாதி குறைந்திருந்தது.

அடுத்து அவள் போனது மதகுக்கு. இரண்டாவது புயலுக்குக் கோடு போட்டவர்கள் முதல் புயலுக்குப் போடாமலா இருந்திருப்பார்கள்? தை மாதம் என்பதால் ஆற்றில் முழங்கால் தண்ணீர்தான் ஓடியது. ஐம்பத்தைந்துக் கோட்டுக்குக் கீழே சுவர் முழுக்கக் கொடி படர்ந்திருந்தது. வேம்பு பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி, கொடியைப் பிடித்து இழுத்தாள்.

“யாரது, மதகைப் பேத்துக்கிட்டுப் போறது?” என்று மேலேயிருந்து ஒரு சத்தம் வந்தது. மதகைத் திறந்து மூடும் லஸ்கர் முருகையன்தான் அது.

“பேக்கலீங்க. தேதி தேடுறேன்.”

“தேதியா? அதுக்கு நாட்காட்டியைப் பார்க்காம சுவத்தையா பார்ப்பாங்க?”

அதற்குள் கொடிக்குப் பின்னால் சிவப்பாக ஏதோ தெரிந்தது. வேம்பு பாசியைக் கையாலேயே தேய்த்தாள். ஒரு கோடு. பக்கத்தில் மங்கலாக 30-11-52.

“அண்ணே! இந்தப் புயல் உங்களுக்கு ஞாபகம் இருக்கா?”

“இல்லாம என்ன? அப்ப நான் வேலைக்கு வந்த புதுசு. ஞாயித்துக்கிழமை. மதகு வீட்டுக் கதவே பறந்து போச்சு. அந்தக் கோடு நான் போட்டதுதான்.”

வேம்பு தேதியைக் குறித்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை என்பதையும் குறித்துக்கொண்டாள். வாயால் சொன்னதும் சுவரில் இருந்ததும் ஒத்துப்போகிறது என்றபோது மூன்று நாளாக அடைத்துக்கொண்டிருந்த நெஞ்சு சற்றே இளகியது.

அம்மா சொன்ன எட்டு நாளை ரெத்தினம் அத்தையிடமும் கேட்டுவைப்போம் என்று அங்கே போனாள். அத்தைதான் அம்சம் பிறந்தபோது கூட இருந்தவள்.

“எட்டு நாளா? உங்கம்மாவுக்கு என்ன தெரியும், மயக்கத்துல கிடந்தவ. பத்து நாள்!” என்றாள் அத்தை.

முந்தைய வேம்புவாக இருந்தால் இரண்டில் தனக்குப் பிடித்த ஒன்றை எழுதியிருப்பாள். இப்போது இரண்டையும் எழுதினாள். புயல் முப்பதாம் தேதி. எட்டு நாள் முன்னால் என்றால் இருபத்திரண்டு. பத்து நாள் முன்னால் என்றால் இருபது. ‘நவம்பர் 20 முதல் 22-க்குள்’ என்று எழுதிக் கோடு போட்டாள்.

ஆனால் அம்மா சொன்னாள், அத்தை சொன்னாள் என்றால் ஆஸ்பத்திரியில் கேட்பார்களா? சான்று வேண்டும். ஊரில் யார் பிறந்தாலும் யார் இறந்தாலும் கிராம முன்சீப்பின் புத்தகத்தில் எழுதுவார்கள் என்று ஹலீமா நர்ஸம்மா சொன்னார்.

முன்சீப் என்றதும் அப்பா காத்தானின் முகம் சுருங்கிவிட்டது.

“அவர் வயல்லயும்தான் நாங்க அறுப்பை நிறுத்தியிருக்கோம். நேத்து வெளியூர் ஆளைக் கொண்டாந்து எறக்கியிருக்காரு. அவரு வாசல்ல போயி கையேந்தச் சொல்றியா?”

“கையேந்தப் போகலப்பா. நம்ம அக்கா பொறந்தது அவரு புஸ்தகத்துல இருக்கு. அதைப் பார்த்து எழுதிக் குடுங்கன்னு கேக்கப் போறேன். கெடுத்தது நான். நானே போறேன்.”

மறுநாள் காலையில் வேம்பு புறப்பட்டபோது, அப்பா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஐம்பதடி பின்னால் நடந்து வந்தார். கேட்டால், அந்தப் பக்கம் ஒரு வேலை இருக்கிறது என்றார். தெரு முனையில் நின்றுகொண்டார். அந்த முனையில் அவருக்கு ஒரு வேலையும் இல்லை.

முன்சீப் பஞ்சநதம் சாவடியில் மேசை முழுக்கக் காகிதத்தைப் பரப்பி உட்கார்ந்திருந்தார். வேம்புவின் கால்கள் தயங்கின. தெற்குத் தெருப் பிள்ளைகள் அந்தத் தெருவுக்குள் வருவதே அபூர்வம்.

“யாரு நீ?”

“காத்தான் மகளுங்க. தெற்குத் தெரு.”

முன்சீப்பின் புருவம் ஏறியது. “வேலைக்கு வரமாட்டாங்க. காகிதம் கேட்டு மட்டும் வருவாங்க. என்ன வேணும்?”

“எங்க அக்கா பொறந்த தேதிக்கு ஒரு சான்று வேணுங்க. நான் விண்ணப்பத்துல தப்பா எழுதிட்டேன். யாரையும் கேக்காம நானே எழுதிட்டேங்க. அதனால வேலை போயிடும்போல இருக்கு.”

சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. அம்மாவிடம் சொன்னதைவிட, அக்காவிடம் சொன்னதைவிட, இவரிடம் சொல்வது பத்து மடங்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் சொல்லிவிட்டாள்.

முன்சீப் அவளை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தார்.

“உங்க தெருவுல எல்லாருக்கும் இதே பாட்டுதான். எப்பப் பொறந்தன்னா புயல்ல பொறந்தேன், வெள்ளத்துல பொறந்தேன்னு சொல்லுவீங்க. நான் இருபது வருஷப் புஸ்தகத்தையும் புரட்டிக்கிட்டு உக்காந்திருக்கணுமா?”

“வேணாங்க. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அம்பத்திரண்டு. நவம்பர் மாசம். இருபதுலேர்ந்து இருபத்திரண்டுக்குள்ள.”

முன்சீப் நிமிர்ந்து உட்கார்ந்தார். வேம்பு தைத்த நோட்டை மேசைமேல் வைத்தாள். அதைப் புரட்டிப் பார்த்தார். அம்மா சொன்னது ஒரு தாளில், மதகுச் சுவர் ஒரு தாளில், அத்தை சொன்னது ஒரு தாளில் இருந்தது. பிறகு தகரப் பெட்டியைத் திறந்து, ஓரம் செல்லரித்த ஒரு புத்தகத்தை எடுத்தார்.

விரல் மேலிருந்து கீழே இறங்கியது. “இருபத்தொண்ணு. பெண் குழந்தை. தகப்பன் காத்தான்.”

அம்மாவும் இல்லை, அத்தையும் இல்லை, நடுவில் இருக்கிறது நிஜம்! வேம்புவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள்.

“உங்க தெருவுல காத்தான் நாலு பேரு இருக்கானே, இது எந்தக் காத்தான்?”

வேம்பு நோட்டின் கடைசித் தாளைத் திருப்பினாள். அதையும் முதல்நாளே அம்மாவிடம் கேட்டு வைத்திருந்தாள். “வேம்பன் மகன் காத்தானுங்க. தாத்தா பேரைத்தான் எனக்கு வச்சிருக்காங்க.”

“காத்தான், தகப்பன் வேம்பன்” என்று புத்தகத்தைப் படித்துத் தலையாட்டினார் முன்சீப். “உங்கப்பன் மனைப்பட்டாவுக்கு வர்றப்பவும் உன்னைக் கூட்டிக்கிட்டு வரச் சொல்லு. எனக்கு வேலை மிச்சம்.”

வெள்ளைத் தாளை எடுத்தார். பேனாவை மசியில் தோய்த்தார். “இதுல குழந்தைக்குப் பேரு போடல. உங்க அக்கா பேரு என்ன?”

“அம்...” என்று வாயெடுத்தாள் வேம்பு. அங்கேயே நிறுத்திக்கொண்டாள்.

“என்ன?”

“அதை அக்காகிட்டக் கேட்டுக்கிட்டு வந்துடறேங்க.”

“உன் கூடப் பொறந்தவ பேரு உனக்குத் தெரியாதா?”

“தெரியும்னுதான் நினைக்கறேங்க. ஆனாலும் கேட்டுடறேன்.”

முன்சீப் பதில் சொல்வதற்குள் வேம்பு ஓட ஆரம்பித்துவிட்டாள். தெரு முனையில் நின்ற அப்பா, மகளை யாரோ விரட்டிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு துண்டை இடுப்பில் கட்டினார். “ஒண்ணும் இல்லப்பா, பேரு கேக்கப் போறேன்!” என்று கத்திக்கொண்டே அவரைத் தாண்டி ஓடினாள்.

பள்ளிக்கூடத்தில் அன்று அம்மை குத்தினார்கள். ஹலீமா நர்ஸம்மா குத்த, அம்சம் அலறுகிற குழந்தைகளைப் பிடித்துச் சமாதானம் செய்துகொண்டிருந்தாள். வேம்பு மூச்சிரைக்க வந்து நின்றாள்.

“அக்கா, உன் பேரு என்ன?”

“வெயில் தலைக்கு ஏறிடுச்சா இந்தப் புள்ளைக்கு?” என்று நர்ஸம்மா சிரித்தார்.

அம்சம் சிரிக்கவில்லை. கையிலிருந்த குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, தங்கையைப் பார்த்தபடி மெல்லச் சொன்னாள்.

“அம்சவல்லி.”

வேம்பு வாயைப் பிளந்தாள்.

“அப்பா அப்படிச் சொல்லித்தான் பள்ளிக்கூடத்துல சேர்த்தாரு. அஞ்சு வருஷம் அந்தப் பேருதான். வயலுக்குப் போனதும் அம்சமாயிட்டேன். நாத்து நடுற எடத்துல யாரு முழுப்பேரைச் சொல்லிக் கூப்பிடுவாங்க?”

“அன்னிக்கு நான் அம்சம்னு எழுதினப்ப ஏன்க்கா சொல்லல?”

“நீ கேக்கல. அப்புறம் நீதான் எனக்குத் தெரியாதான்னு சொன்னியே. படிச்ச புள்ள, சரியாத்தான் எழுதுவன்னு இருந்துட்டேன்.”

பதினொரு வருஷம் அக்காவோடு ஒரே பாயில் படுத்தவள் வேம்பு. அக்காவின் பெயர் தெரியாமலேயே இருந்திருக்கிறாள்! நோட்டைத் திறந்து ‘அம்சவல்லி’ என்று எழுதி, அக்காவிடம் காட்டினாள். அம்சம் விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தாள்.

“சரியா இருக்கு” என்றாள். கடிதம் வந்ததிலிருந்து அன்றைக்குத்தான் தங்கையைப் பார்த்துச் சிரித்தாள்.

வேம்பு வந்த வழியே மறுபடியும் ஓடினாள்.

சான்றை எடுத்துக்கொண்டு, பாய்க்கு அடியில் மடித்து வைத்த புடவையைக் கட்டிக்கொண்டு, பிப்ரவரி மூன்றாம் தேதியே அம்சம் தஞ்சாவூருக்குப் பஸ் ஏறினாள். அங்கே சான்றைப் பார்த்து விண்ணப்பத்தில் பெயரையும் தேதியையும் திருத்திக்கொண்டார்களாம். டாக்டரம்மா நிறையக் கேள்விகள் கேட்டாராம். பிள்ளை தலை திரும்பி வந்தால் என்ன செய்வாய் என்றும் கேட்டாராம். “நான் ஒண்ணும் செய்ய மாட்டேன், உங்களைத்தான் கூப்பிடுவேன்னு சொன்னேன். அவங்க சிரிச்சிட்டாங்க. அது நல்லதுக்கா கெட்டதுக்கான்னு தெரியல” என்றாள் அம்சம்.

மூன்று வாரம் ஒரு தகவலும் இல்லை. கூலித் தகராறு ஒருவாறு தீர்ந்து அறுவடை நடந்து முடிந்தது. களத்தில் வைக்கோல் காய்ந்தது. அம்சம் தபாலைப் பற்றிக் கேட்பதையே விட்டுவிட்டாள். கேட்காமல் இருந்தது வேம்புவுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

மாசி மாதத்தில் ஒருநாள் தெருவில் சைக்கிள் மணி அடித்தது. புதுத் தபால்காரர் உறையைப் பார்த்துப் படித்தார்.

“அம்சவல்லி! இங்க அம்சவல்லிங்கறது யாரு?”

தெருவே உதட்டைப் பிதுக்கியது. ரெத்தினம் அத்தை நிச்சயமாகச் சொல்லிவிட்டாள். “அப்படி யாரும் இந்தத் தெருவுல இல்லீங்க. மேலத்தெருவுல விசாரிங்க.”

தபால்காரர் சைக்கிளைத் திருப்பினார். குளத்திலிருந்து குடத்தோடு வந்துகொண்டிருந்த வேம்புவின் காதில் அந்தப் பெயரின் வால் மட்டும் விழுந்தது. குடத்தை நடுத்தெருவில் வைத்துவிட்டு, “நில்லுங்க! நில்லுங்க!” என்று பாய்ந்து போய் சைக்கிளின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள்.

“எங்க அக்காதாங்க அம்சவல்லி!”

“நம்ம அம்சமா?” என்று ரெத்தினம் அத்தை மோவாயில் கை வைத்தாள்.

அம்சம் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். உறையை வாங்கி, கிழியாமல் ஓரத்தில் பிரித்தாள். வழக்கம்போலத் தெரு முழுக்க வேம்புவின் முகத்தைத்தான் பார்த்தது. வேம்பு இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டாள். எட்டிப் பார்க்கவில்லை. அக்கா எழுத்துக்கூட்டி ஒவ்வொரு வரியாகப் படித்து, கடைசி வரியில் கையெழுத்து வரைக்கும் போய்ச் சேரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

“என்னக்கா எழுதியிருக்காங்க?” என்று அப்புறம்தான் கேட்டாள்.

“திங்கக்கெழமை காலையில வந்து சேந்துக்கச் சொல்றாங்க” என்றாள் அம்சவல்லி.